‘பேர்’ என்ற சொல்லைத் தவிர்க்கவும்

ஓய்வு பெற்று வட்டவளைக்கு வந்து உட்கார்ந்த பிறகும் ஆய்வுகூடத்துப் பிள்ளைகள் என்னை விடுவதாயில்லை. போன மாதம் கவிதா என்ற பெண் போன் செய்தாள். கொழும்பில் பிறந்து வளர்ந்தவள், புதிதாகச் சேர்ந்திருக்கிறாள். தலவாக்கலைப் பக்கத்துத் தோட்டங்களுக்குக் காய்ச்சல் மாதிரி எடுக்கப் போவதற்கு முன் எங்கள் பழைய வழிகாட்டியைப் படித்துக்கொண்டிருந்தாளாம்.

“மிஸ், இதுல ஒரு வரி எனக்கு வெளங்கவே இல்ல. ‘தோட்டங்களில் பேர் என்ற சொல்லைத் தவிர்க்கவும்’னு போட்டிருக்கு. பேருன்னு சொல்லாம எப்பிடி மிஸ் பேரு கேக்குறது?”

“ஒங்கள எப்பிடிக் கூப்புடுவாங்கன்னு கேளு” என்றேன்.

அவள் சிரித்தாள். இப்போது எல்லாம் கையடக்கக் கணினியில் மூன்று மொழியிலும் ஒப்புதல் வாங்குகிறார்களாம். அச்சுப் பிழை போலத் தெரிகிற அந்த வரியைத் தூக்கிவிடலாம் என்று பேச்சு நடக்கிறதாம். எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. அந்த வரியைத் தூக்கக் கூடாது. ஏன் கூடாது என்று போனில் சொன்னால் ஒரு காதில் விழுந்து மறு காதில் போய்விடும் என்பதால் இதை எழுதுகிறேன்.

தோட்டத்தில் பேர் என்றால் அப்பா அம்மா வைத்தது மட்டுமல்ல. காலையில் பெரட்டுக்களத்தில், அதாவது மேற்பார்வை பார்க்கிற கங்காணி வேலை பிரித்துக் கொடுக்கிற இடத்தில், நேரத்துக்கு நின்று, சொன்ன அளவு தேயிலைக் கொழுந்து எடுத்துக் கொடுத்தால் அன்றைக்கு ஒரு பேர். நேரம் பிந்தினாலோ நிறை குறைந்தாலோ அரைப் பேர். “இன்னிக்கிப் பேரு விழுந்திச்சா?” என்று ஒருத்தி இன்னொருத்தியைக் கேட்டால், நாள் சம்பளம் கிடைத்ததா என்று அர்த்தம். நான் வட்டகொடையில் ஒரு லயத்தில், தோட்டத்து வரிசை வீட்டில், பிறந்தவள். எங்கள் அம்மா சாயங்காலம் வீட்டுக்குள் நுழையும்போதே முகத்தைப் பார்த்து முழுப் பேரா அரைப் பேரா என்று சொல்லிவிடுவேன்.

என் படிப்பைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. தோட்டத்துப் பள்ளிக்கூடம், பிறகு ஹட்டனில் உயர்தரம், பிறகு பல்கலைக்கழகம். இடையில் பல வருடங்கள் விஞ்ஞானம் கற்பித்தேன். நாற்பது தாண்டித்தான் கலாநிதிப் பட்டம் வாங்கினேன். அதன் பின்னும் ஆராய்ச்சிதான் செய்வேன் என்று ஒற்றைக்காலில் நின்றேன். சொந்தக்காரர்கள் எல்லாரும் தலையில் அடித்துக்கொண்டார்கள். அப்படிப் பிடிவாதம் பிடித்துத்தான் கண்டிப் பக்கத்து ஆய்வுகூடம் ஒன்றில், இந்திராணி மேடத்திடம், முதுமுனைவர் ஆய்வாளராகப் போய்ச் சேர்ந்தேன்.

மேடம் குரலை உயர்த்தி நான் கேட்டதில்லை. உயர்த்த வேண்டிய தேவையும் அவருக்கு இருக்கவில்லை. நாம் ஒரு முடிவைச் சொன்னால் மூக்குக்கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைப்பார். “இது பொய்யாக இருக்க என்னென்ன வழி இருக்கிறது?” என்று சிங்களத்தில் கேட்பார். நாம் ஒவ்வொரு வழியாகச் சொல்லி ஒவ்வொன்றையும் அடைக்க வேண்டும். அடைத்து முடியும்வரை கண்ணாடியை மாட்டமாட்டார். அவருக்கு இருந்த ஒரே பெருமை அவருடைய தமிழ். பெரியவராகிப் படித்த தமிழ், ஒவ்வொரு சொல்லையும் எடுத்து வைத்துப் பேசுவார்.

எங்கள் வேலை இதுதான். நம் உடலில் ஒவ்வொரு செல்லுக்குள்ளும் மரபணுக்கள் வரிசையாக இருக்கின்றன. ஒரு மரபணுவைப் படித்துப் பிரதி எடுக்க ஒரு நொதி இருக்கிறது. மரபணு முடிகிற இடத்தில் பிரதியை வெட்டிவிட வேறு புரதங்கள் இருக்கின்றன. வெட்டினால்தான் நொதி நிற்கும், பிரதியும் செய்தியாக வெளியே போகும். இன்ஃபுளுவென்சா வைரஸ் செல்லுக்குள் நுழைந்ததும், அதன் சின்னப் புரதம் ஒன்று வெட்டுகிற புரதத்தைப் போய்ப் பிடித்துக்கொள்கிறது. நொதி நிற்க இடம் தெரியாமல் அடுத்த மரபணுவுக்குள்ளும் ஓடுகிறது. உருப்படியான செய்தி எதுவும் வெளியே வருவதில்லை. வைரஸ் வந்துவிட்டது என்று பக்கத்துச் செல்களை எச்சரிக்கிற செய்தியும் அதோடு அமுங்கிவிடுகிறது. அந்த அமைதிக்குள் வைரஸ் தன் காரியத்தை முடித்துக்கொள்கிறது.

வெளிநாட்டு வைரஸ்களில் இதைப் பார்த்திருந்தார்கள். நம் மலைநாட்டில் குளிர்காலத்தில் வீட்டுக்கு வீடு இருமவைக்கிற வைரஸ்களும் இதையே செய்கின்றனவா என்பதுதான் என் கேள்வி. அதற்கு மாதிரிகள் வேண்டும். தோட்ட நிர்வாகத்தின் அனுமதியோடு டயகமவுக்குப் போனோம்.

அன்று காலை நான் தோட்டத்து மருந்தகத்துக்குள் ஐஸ் பெட்டியைத் தயார் செய்துகொண்டிருந்தேன். மேடம் பெரட்டுக்களத்துக்குப் போய் ஆட்களை அழைத்து வருவதாகச் சொன்னார். சற்று நேரத்தில் எட்டிப் பார்த்தால் வாசலிலிருந்து சாலைவரை வரிசை. இருமல்காரர்கள் மட்டுமல்ல, கல்லு மாதிரி இருந்தவர்களும் நின்றார்கள். “ஒங்க தமிழுக்கு இவ்வளவு சக்தியா மேடம்?” என்று கேலி செய்தேன். அவருக்கு முகமெல்லாம் சிரிப்பு. காய்ச்சல் உள்ளவர்களைப் பிரித்து, விளக்கம் சொல்லி, கையெழுத்து வாங்கி, மூக்கில் பஞ்சுக் குச்சி விட்டு எடுத்தோம். மாலைக்குள் பெட்டி கண்டிக்கு வந்துவிட்டது.

பிறகு வேலை. ஒவ்வொரு மாதிரியையும் கண்ணாடித் தட்டில் வளர்ந்த செல்களின் மேல் விட்டு, வைரஸ் வளர்கிறதா என்று பார்க்க வேண்டும். வளர்ந்ததை எடுத்துப் புதுச் செல்களுக்குத் தொற்றவைத்து, அவற்றின் ஆர்.என்.ஏ.வைப் பிரிக்க வேண்டும். ஆர்.என்.ஏ.தான் நான் சொன்ன பிரதி. அதில் ஒட்டிவரும் டி.என்.ஏ.வைத் தனி நொதி விட்டு அழிக்க வேண்டும், இல்லாவிட்டால் அழுக்கைப் பார்த்து அதிசயம் என்று குதிப்போம். பிறகு இரண்டு இடத்தில் அளக்க வேண்டும். ஒன்று மரபணுவுக்கு உள்ளே, மற்றது அதன் முடிவைத் தாண்டி. தாண்டிய இடத்திலும் பிரதி கிடைத்தால் நொதி நிற்கவில்லை என்று பொருள்.

டயகம வைரஸ்களும் எதிர்பார்த்தபடியே நடந்தன, ஒன்றைத் தவிர. அந்த ஒன்றில் நொதி நிற்க வேண்டிய இடத்தில் ஒழுங்காக நின்றது. ஆனால் செல் மட்டும் மற்றவை போலவே ஊமையாகிக் கிடந்தது. அப்படியென்றால் செல்லின் வாயை அடைக்க வைரஸுக்கு இன்னொரு வழி இருக்கிறது. மற்ற வைரஸ்களில் இரண்டு வழியும் கலந்து கிடப்பதால் பிரித்துப் பார்க்க முடியாது. இந்த ஒரு குழாயில் முதல் வழி தானாகவே அடைபட்டு, இரண்டாவது தனியாகத் தெரிந்தது. என் ஆராய்ச்சி முழுவதும் அந்தக் குழாயில் இருந்தது என்று சொன்னால் மிகையில்லை.

மேடம் கண்ணாடியைக் கழற்றினார். குழாய் மாறியிருக்கலாம் என்றேன். உடனே குழாய்களின் அடையாளத்தை எல்லாம் மறைத்து, தானே நிறநிறமாக நாடா ஒட்டி, எது எது என்று எனக்குச் சொல்லாமல் திரும்பக் கொடுத்தார். முதலிலிருந்து செய்தேன். நீல நாடாக் குழாய் மட்டும் வித்தியாசமாக வந்தது. மேடம் பூட்டிவைத்திருந்த குறிப்பைத் திறந்து பார்த்துவிட்டுக் கண்ணாடியை மாட்டிக்கொண்டார். எனக்குத் தலைகால் புரியாத சந்தோஷம்.

அந்தச் சந்தோஷம் ஆறுவதற்குள் ஒரு போன் வந்தது. ஒப்புதல் தாளில் இருந்த என் போன் இலக்கத்துக்கு டயகமவிலிருந்து ஓர் அக்கா எடுத்திருந்தார். மாதிரி கொடுத்தவரின் பெயரை வெளியே சொல்லக் கூடாது என்பது எங்கள் விதி. அதனால் இத்தனை வருடமும் எல்லாரிடமும் ‘அந்த அக்கா’ என்றுதான் சொல்லி வந்திருக்கிறேன்.

“மிஸ், அன்னிக்கிப் பேரு போடுறோம்னு அந்தப் பெரிய நோனா சொன்னாங்க. இப்ப சம்பளச் சீட்டுல அரைப் பேருதான் விழுந்திருக்கு. கங்காணிகிட்ட கேட்டா, நீ பெரட்டுக்கு லேட்டுங்குறாரு. நீங்க போட்ட பேரு எங்க மிஸ் போச்சு?”

நோனா என்றால் சீமாட்டி, மேடத்தைத்தான் சொன்னார். மேடத்திடம் ஓடினேன். பெரட்டுக்களத்தில் என்ன சொன்னீர்கள் என்று கேட்டேன். “பயப்பட வேண்டாம், வாருங்கள், எல்லாருக்கும் பேர் போடுகிறோம் என்றேன்” என்றார். பெயர்களைப் பதிவு செய்கிறோம் என்பதைத்தான் தனக்குத் தெரிந்த நல்ல தமிழில் சொல்லியிருக்கிறார். நின்றவர்களுக்கோ, வரிசையில் வந்தால் நாள் சம்பளம் என்று கேட்டிருக்கிறது. நான் விளக்கியதும் அவர் முகம் சிவந்தது. “என் தமிழ்” என்றார்.

அக்காவின் மாதிரி எண்ணைப் பதிவில் பார்த்தேன். நீல நாடாக் குழாய் அவருடையது.

“கையெழுத்து இருக்கிறது மேடம். விளக்கம் சொல்லித்தான் வாங்கினேன்” என்று வாதாடினேன்.

“எதற்குக் கையெழுத்துப் போட்டார்கள்? ஆராய்ச்சிக்கா, பேருக்கா?”

செய்ய வேண்டியதை மேடம் ஒவ்வொன்றாகச் சொன்னார். முதலில் தோட்ட அலுவலகத்துக்கு நம் தவறு என்று எழுதி, அன்று வரிசையில் நின்ற எல்லாருக்கும் முழுப் பேர் விழச் செய்ய வேண்டும். அது விழுந்த பிறகுதான் மறுபடி ஒப்புதல் கேட்கப் போக வேண்டும், இல்லாவிட்டால் விலைக்கு வாங்கியது போலாகும். மாட்டேன் என்றால் அந்த நிமிடமே ஏற்றுக்கொள்ள வேண்டும். சரி என்றால் அன்றைக்கு ஏற்கக் கூடாது, மறுநாள் வந்து வாங்க வேண்டும். மறுத்தவர்களின் குழாய் ஆவியில் வெந்து அழியும்.

“நீல நாடாவும்?”

“நீல நாடாவும்.”

அன்று அவர்மேல் எனக்கு வந்த கோபம் கொஞ்சநஞ்சமல்ல. சொன்னது அவர் வாய், எரியப் போவது என் வேலை. ஆனால் அவர் சொன்னதில் ஒரு சொல்லைக்கூட மறுக்க எனக்கு இடமில்லை. அரைப் பேரோடு வீட்டுக்கு வந்த அம்மாவின் முகம் தெரிந்தவள் நான். சரி, போய்க் கேட்டே தீருவது என்று கிளம்பினேன்.

முதலில் ஒரு பெரியவரைப் பார்த்தேன். “மூக்குல விட்டது போதும் மிஸ், விடுங்க” என்றார். நான் திரும்பிப் போனதும் அவருடைய குழாய் அழிக்கப்பட்டது. அடுத்து அந்த அக்காவின் லயத்துக்குப் போனேன். வேலை முடிந்து வந்து கொழுந்தெடுக்கக் கட்டுகிற இடுப்புப் படங்குச் சீலையை அவிழ்த்து வாசல் இஸ்தோப்பில் உதறிக்கொண்டிருந்தார்.

“அரைப் பேரு முழுப் பேராயிருச்சு மிஸ். ஆபீசுல சொன்னாங்க. அத சொல்லவா இம்புட்டுத் தூரம் வந்தீங்க?”

“இல்லக்கா. அது ஒங்களுக்கு வரவேண்டியது, வந்திருச்சு. இப்ப வேற ஒண்ணு கேக்க வந்திருக்கேன். மாட்டேன்னா எழும்பிப் போயிருவேன், கோவிக்க மாட்டேன்.”

உட்காரச் சொன்னார். வைரஸ் என்ன செய்கிறது என்று எப்படிச் சொல்வது என்று யோசித்தேன். கொழுந்து எடுக்க ஒவ்வொருத்திக்கும் பிரித்துக் கொடுக்கிற செடி வரிசை, அந்த நிரை, நினைவுக்கு வந்தது. “அக்கா, ஒங்க நிரை முடியிற எடத்துல நிக்காம அடுத்தவ நிரைக்குள்ள பூந்து கொழுந்து எடுத்தா என்னா நடக்கும்?”

“கங்காணி தொண்டை கிழிய கத்துவாரு.”

“அந்தக் கங்காணி வாய கட்டிட்டா?”

“அம்புட்டுத்தான். மலையே நாறிப்போயிரும்.” பிறகு என்னைப் பார்த்தார். “ஒங்களுக்கு எப்பிடி மிஸ் நிரை கிரையெல்லாம் தெரியும்?”

“நான் வட்டகொட லயத்துல பொறந்தவ. எங்கம்மா கொழுந்துக்காரி.”

“அட, மொதல்லயே சொல்றதுக்கென்னா தங்கச்சி!” என்று உள்ளே போய்த் தேத்தண்ணி கொண்டுவந்தார். மற்றவர்களின் கிருமி கங்காணி வாயைக் கட்டுகிறது, உங்களுடையது கட்டவில்லை, ஆனாலும் மலை நாறித்தான் போகிறது, எப்படி என்று கண்டுபிடிக்கத்தான் அது வேண்டும் என்றேன். தலையாட்டிக் கேட்டார்.

“அத குடுத்தா எனக்கு என்னா கெடைக்கும்?”

“ஒண்ணும் கெடைக்காதுக்கா. இதனால ஒங்களுக்கு ஒரு மருந்துகூட வராது. ஒங்க பேரும் எங்கயும் வராது. வெளிய சொல்லக் கூடாதுன்னு விதி.”

அக்கா வாய்விட்டுச் சிரித்தார். “பேரு போடுறோம்னு கூப்புட்டுட்டு, இப்ப பேரே வராதுங்குறீங்களா!”

எனக்குச் சிரிப்பும் வந்தது, வெட்கமாகவும் இருந்தது. அவர் விடவில்லை. “அப்ப அந்தக் கிருமிக்கு என்னா பேரு வெப்பீங்க?”

“எந்த ஊருல எடுத்தமோ அந்த ஊரு பேர வெக்கணும். ஆனா எங்க எடத்துல எல்லாத்துக்கும் கண்டின்னுதான் போடுவோம். அப்பிடியே பழகிருச்சு.”

“கண்டியிலயா நான் காச்சல்ல கெடந்தேன்?”

“டயகமன்னு போட்டா, காச்சலுக்கு நம்ம ஊரு பேரான்னு நாலு பேரு சிரிக்க மாட்டாங்களாக்கா?”

“தேயிலச் சாக்குல தோட்டத்துப் பேரு சீமைக்கெல்லாம் போகுது. அதப் பாத்து யாரு சிரிக்கிறா? எடுத்தது இங்க, பேரு கண்டிக்கா? எடுத்துக்கிட்டுப் போங்க தங்கச்சி. ஆனா...”

நான் எழுந்துவிட்டேன். “இப்ப சொல்லாதீங்கக்கா. சரின்னு சொல்றதா இருந்தா நாளைக்கித்தான் நான் கேட்டுக்கணும்.”

“இது என்னா கூத்து!” என்றார். அவருக்கு என்னைப் பார்க்கப் பாவமாக இருந்திருக்க வேண்டும்.

அன்று டயகமவிலேயே தங்கினேன். மறுநாள் காலை பெரட்டுக்களத்துப் பக்கம் தலைகாட்டவில்லை, என்னால் இன்னொரு முறை அவருக்கு நேரம் பிந்தக் கூடாது. கொழுந்து நிறுக்கிற மடுவத்தில் போய்க் காத்திருந்தேன். மழை பிடித்துக்கொண்டது. ஒரு குழாய்க்காக இப்படிக் குந்தியிருக்கிறேனே என்று ஒரு பக்கம் தோன்றியது. அவர் மாட்டேன் என்றால் திரும்பிப் போய் அடுத்த குளிருக்கு முதலிலிருந்து தொடங்குவேன், விடமாட்டேன் என்று மறு பக்கம் பல்லைக் கடித்துக்கொண்டேன். அக்கா கூடையோடு வந்தார், நிறுத்தார், கொட்டினார், பிறகுதான் என்னிடம் வந்தார்.

“எழுதிக்கங்க. எனக்குச் சம்மதம். ஆனா கண்டின்னு போட்டீங்கன்னா நானே வந்து அழிச்சிருவேன்.”

திரும்பி வந்து மேடத்திடம் இதைச் சொன்னேன். “கண்டி என்பது நம் பழக்கம்தான், விதி இல்லையே” என்றார். அந்த வைரஸின் பெயரைத் தானே எழுதினார்: இன்ஃபுளுவென்சா, சாய்கோடு, டயகம, சாய்கோடு, பிறகு எண்ணும் ஆண்டும். அன்றே வழிகாட்டியை எடுத்து, தன் எழுத்துக்கூட்டிய தமிழில், கவிதாவுக்கு விளங்காமல் போன அந்த வரியையும் எழுதினார். தன் தவறை அடுத்தவர் செய்யக் கூடாது என்பதற்காக ஒரு பேராசிரியை எழுதிய வரி அது. சம்மதத்தை மறுநாள்தான் வாங்க வேண்டும் என்ற விதியும் அதற்கு அடுத்த வரியில்தான் இருக்கிறது.

குழாய் தன் வேலையைச் செய்தது. வெட்டுகிற புரதத்தைப் பிடிக்கும் பகுதி அந்த வைரஸில் சற்று மாறியிருந்தது, அதனால் அதன் பிடி நழுவியது. ஆனால் அதனிடம் இன்னொரு புரதம் இருந்தது. செல் ஒழுங்காக எழுதி முடித்த செய்திகளையே அது துண்டுதுண்டாக நறுக்கிப்போட்டது. இதை நிறுவ எனக்கு இன்னும் நெடுங்காலம் பிடித்தது, மேடம் அத்தனை தடவை கண்ணாடியைக் கழற்றினார். கட்டுரையை வெளியிட்ட சஞ்சிகை, படங்களில் இடம் போதாது, வைரஸின் பெயரை மூன்று எழுத்தாகச் சுருக்குங்கள் என்று கேட்டது. முடியாது என்று எழுதினேன். மறுபடி கேட்டார்கள், மறுபடி முடியாது என்றேன். அரைப் பேர் என்றால் என்ன என்று அவர்களுக்கு எப்படி விளக்குவது? கடைசியில் எழுத்தின் அளவைக் குறைத்து முழுதாகப் போட்டார்கள்.

அச்சான பிரதியோடு டயகமவுக்குப் போனேன். அக்கா கையைத் துடைத்துவிட்டு வாங்கிப் பார்த்தார். ஆங்கில எழுத்தில் ஊர் பெயர் இருந்த இடத்தை விரலால் காட்டினேன். அந்த இடத்தைத் தடவிப் பார்த்தார்.

“தோட்டத்துப் பேரு வந்திருச்சு. என் பேரு வரல” என்றார். பிறகு என் முகத்தைப் பார்த்துவிட்டுக் கண்ணைச் சிமிட்டினார். “அப்ப அரைப் பேருதான், தங்கச்சி.”

சிரித்துவிட்டுத்தான் வந்தேன். ஆனால் அந்தப் பேச்சு இத்தனை வருடமும் எனக்குள் உறுத்திக்கொண்டே இருந்தது.

கவிதாவுக்காக இதை எழுத உட்கார்ந்தபோது அந்த அக்காவுக்குப் போன் செய்தேன். அவரும் வேலையை விட்டு நின்றுவிட்டார், குரல் மட்டும் அப்படியே இருக்கிறது. அந்தக் கதையை எழுதுகிறேன் அக்கா, விதி என் வாயைத்தான் கட்டுகிறது, உங்கள் வாயை அல்ல, நீங்கள் விரும்பினால் உங்கள் பெயரைப் போடலாம், வேண்டாம் என்றால் ‘அந்த அக்கா’ என்றே இருக்கட்டும் என்றேன். எழுதினால் யார் வேண்டுமானாலும் படிப்பார்கள் என்றும் சொன்னேன்.

“போடுங்க...”

“இப்ப வேணாம்க்கா. நாளைக்கி.”

“இன்னமும் அந்த நோனா சட்டந்தானா!”

மறுநாள் நான் எடுப்பதற்குள் அவரே எடுத்துவிட்டார். “நல்லா யோசிச்சிட்டேன் தங்கச்சி. எழுதுங்க. சும்மா கூப்புடுற பேரு இல்ல. அப்பா பேரோட, முழுசா எழுதுங்க.”

எழுதுகிறேன். அந்த வைரஸ் டயகமவில் எடுத்தது. அதைக் கொடுத்தவர் முனியாண்டி தெய்வானை.